பதினைவர் நடுவே ஒரு தனிக் குரல்

வடநாட்டு நகரங்களில் குடியிருக்கும் தமிழன்பர்களுக்குக் கல்யாண மாதங்களில் ஓர் அநுபவம் தவறாமல் ஏற்படும். இரவு எட்டு மணிக்கு மேல் மாப்பிள்ளை ஊர்வலம் தெருவில் வரும். இரு பக்கமும் விளக்குத் தூக்குவோர். நடுவே சரிகை வைத்த சட்டை தரித்த பாண்டு வாத்தியக்காரர்கள். பின்னால் குதிரைமீது மாப்பிள்ளை. நாகஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அது முதலில் வெறும் ஆரவாரமாகவே படும். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுகிறோம். சாத்திய ஜன்னலையும் கடந்து ஒரு குரல் மட்டும் உள்ளே வந்துவிடுகிறது. அது டிரம்பெட் என்னும் எக்காளத்தின் குரல். பலர் கூடி முழக்கும் முழக்கத்தினிடையே, ஒருவன் மட்டும் தன் மனத்திலுள்ளதைச் சொல்லுவதுபோல அது ஒலிக்கிறது.

இந்தக் குரலை அமெரிக்க நாட்டில் ஒரு பெருங்கலையாக வளர்த்தார்கள். பதினைந்து பதினாறு பேர் அடங்கிய ஜாஸ் வாத்திய கோஷ்டி ஒன்றில், எல்லோருக்கும் ஸ்வரங்களை எழுதித் தந்து, அவர்களுக்கு நடுவே ஒரு டிரம்பெட் வித்துவான் எழுந்து நின்று தனித்து வாசிப்பதற்கு இடம் அமைத்துக் கொடுக்கும் கலை அது. 'பிக் பாண்டு' என்று அந்தக் கோஷ்டிக்குப் பெயர். எழுதித் தருபவரை 'அரேஞ்சர்' என்பார்கள். நாம் இசைக்கோப்பாளர் என்று சொல்லுவோம். பலர் கூடிய சபையில் ஒருவனுக்கு எப்படி இடம் தருவது என்பதே அவர் முன்னுள்ள கேள்வி. சொந்த ஊரை விட்டு வேற்று மொழி பேசும் கூட்டத்தினிடையே வாழும் நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று.

முதலில் கருவியைப் பார்ப்போம். நம் கோயில் திருவிழாக்களில் ஊதும் கொம்பும் எக்காளமும் டிரம்பெட்டுக்கு நெருங்கிய உறவினர். நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. டிரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுகிறவனுடைய உதடுகளே சீவாளி. சிறு கிண்ணம் போன்ற வாய்ப்பகுதியில் உதடுகளைப் பொருத்திக் காற்றைச் செலுத்தும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வு, மடக்கி வளைக்கப்பட்ட ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள பித்தளைக் குழாயில் ஓடி, புனல்போல் விரிந்த வாய் வழியே வெளிப்படுகிறது. வெறுங்குழாயில் எல்லா ஸ்வரங்களும் பேசமாட்டா. ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதன்மேல் காந்தாரம் என்று சிலவே பேசும். இடைவெளிகளை நிரப்புவதற்காக மூன்று வால்வுகள் வைத்திருக்கிறார்கள். நடு வால்வை அழுத்தினால் ஸ்வரம் அரைப்படி இறங்கும். முதல் வால்வை அழுத்தினால் ஒரு படி இறங்கும். மூன்றாவதை அழுத்தினால் ஒன்றரைப் படி இறங்கும். மற்றவை எல்லாம் உதட்டின் வேலை.

உதடே சீவாளியாக இருப்பதால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, ஒவ்வொருவருடைய நாதமும் அவரவர் பேச்சுக் குரலைப்போலத் தனித்து நிற்கும். பழகிய ரசிகர்கள் இரண்டு மூன்று ஸ்வரங்களிலேயே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். மற்றொன்று, உதடு தசையாதலால் விரைவில் களைத்துப் போகும். உச்ச ஸ்தாயியில் நெடுநேரம் ஊதியவனால் உடனே எழுந்து நின்று தனி வாசிப்பைத் தொடங்க இயலாது. நல்ல இசைக்கோப்பாளர் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டே பேனாவை எடுப்பார்.

இனிக் கோஷ்டியின் அமைப்பைப் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு பெரிய ஜாஸ் கோஷ்டியில் சாக்ஸபோன், கிளாரினெட் வாசிப்போர் நால்வர் அல்லது ஐவர். டிரம்பெட் மூவர் அல்லது நால்வர். டிராம்போன் என்னும் நீள்குழல் வாசிப்போர் இருவர் அல்லது மூவர். இவர்களுக்குத் தாளமும் ஆதாரமும் தரப் பியானோ, கித்தார், பெரிய பாஸ் பிடில், டிரம்ஸ் ஆகிய நான்கு. நம் கச்சேரியில் பாடகர் முன்னே செல்ல, பிடில் வித்துவான் செவியாலேயே அவரைப் பின்தொடர்கிறார். ஒருவர் பின்தொடரலாம், பத்துப் பேர் தத்தம் மனம்போனபடி பின்தொடர்ந்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே பெரிய கோஷ்டிக்கு எழுதிய தாள் அவசியமாயிற்று.

தனி வாசிப்பாளருடைய தாளில் மட்டும் ஓரிடத்தில் ஸ்வரங்கள் நின்றுவிடும். அந்த அந்தக் கட்டத்தில் கோஷ்டி எந்தச் சுரக்கூட்டை ஒலிக்கும் என்னும் குறிப்பு மாத்திரம் மேலே எழுதப்பட்டிருக்கும். 'இந்த 32 ஆவர்த்தங்களும் உன்னுடையவை. இங்கே நீ எண்ணியதை வாசி' என்பது அதன் பொருள். கிருதியின் சங்கதிகள் முன்னமே அமைந்திருக்க, கற்பனை ஸ்வரத்துக்கு மட்டும் ஓரடியைத் திறந்து வைப்பதை நாம் அறிவோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். ஆனால் நம் வித்துவானுக்குள்ள நேரம் அவருக்கு இல்லை. ஆவர்த்தம் ஒன்றுக்கு நான்கு தட்டு. நிமிடத்துக்கு 180 தட்டு என்னும் நடன வேகத்தில் 32 ஆவர்த்தங்கள் 43 விநாடியில் முடிந்துவிடும். அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கமே ஏறக்குறைய மூன்று நிமிடந்தான். அந்த 43 விநாடிக்குள் ஒருவன் தான் இன்னான் என்று சொல்லி முடித்தாக வேண்டும்.

அந்த 43 விநாடியைச் சிறக்கச் செய்வதில் இசைக்கோப்பாளரின் திறமை வெளிப்படுகிறது. தனி வாசிப்புக்கு முன்னால் சில ஆவர்த்தங்கள் அந்த வித்துவானுக்கு ஓய்வு தருகிறார். டிரம்பெட் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்போது, சாக்ஸபோன்களைக் கீழ் ஸ்தாயியில் மெல்ல நீட்டி ஒலிக்கச் செய்கிறார். ஒரே ஸ்தாயியில் இருவரும் மோதினால் தனிக் குரல் அமுங்கிவிடும். வித்துவான் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் டிராம்போன்கள் இரண்டொரு ஸ்வரங்களில் பதில் சொல்லுகின்றன. 'ரிஃப்' எனப்படும் சிறு இசைத்துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்து, அவரை மேலும் மேலும் உந்துகிறது. முடிவில் முழுக் கோஷ்டியும் ஒரே குரலில் எழுந்து, அவர் தொடங்கிய உற்சாகத்தை ஏற்றுக்கொண்டு முழங்குகிறது.

இந்தக் கலை எப்படிப் பிறந்தது? அதன் வேர் தெருவில் இருக்கிறது. லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்தில், ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் கறுப்பின மக்களின் பித்தளை வாத்திய கோஷ்டிகள் வாசித்து வந்தன. அந்தத் தெருக்களில், மிக வறிய குடும்பத்தில், 1901-ஆம் ஆண்டு லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். சிறுவர் சீர்திருத்த இல்லமொன்றின் பாண்டு கோஷ்டியில் அவர் முறையாக ஊதக் கற்றார். தென் மாநிலங்களின் வறுமைக்கும் இனக் கொடுமைக்கும் தப்பி, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய குருவான கிங் ஆலிவர் முன்னமே சிக்காகோவுக்குச் சென்றிருந்தார். 1922-இல் குருவின் அழைப்பு வந்ததும் சிஷ்யரும் ரயிலேறினார். இரண்டே ஆண்டுகளில், 1924-இல், நியூ யார்க்கில் பிளெச்சர் ஹெண்டர்ஸன் நடத்திய பெரிய நடன கோஷ்டியில் சேர்ந்தார்.

அந்தக் கோஷ்டியில் இருந்தவர்கள் தாளைப் பார்த்துப் பிழையின்றி வாசிக்க வல்லவர்கள். நாகரிக உடை தரித்தவர்கள். ஆனால் அவர்களுடைய தாள நடை சற்று விறைப்பாக இருந்தது. நாட்டுப்புறத்தானைப்போல வந்து சேர்ந்த ஆம்ஸ்ட்ராங், தம் முறை வந்ததும் எழுந்து வாசித்தார். அவருடைய ஸ்வரங்கள் தட்டுக்குச் சற்றுப் பின்தங்கியும் முந்தியும் ஊசலாடின; ஆயினும் தாளம் தவறவில்லை. அந்த ஊசலாட்டத்துக்குப் பிற்காலத்தில் 'ஸ்விங்' என்று பெயர் வந்தது. அவருடைய தனி வாசிப்பைக் கேட்டுக்கேட்டு, இசைக்கோப்பாளர் டான் ரெட்மன் சாக்ஸபோன்களுக்கு எழுதுவதையே மாற்றிக்கொண்டார். 1925-இல் பதிவான 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற இசைத்தட்டில் இதைக் கேட்கலாம். கிங் ஆலிவருடைய பழைய உருப்படி ஒன்றை ரெட்மன் பெரிய கோஷ்டிக்காகத் திருத்தி அமைத்தார். அதில் ஆம்ஸ்ட்ராங் தம் குருவின் தனி வாசிப்பை நினைவுகூர்ந்து வாசிக்கிறார். ஒருவனுக்கு இடம் கொடுத்த கோஷ்டி, அவனிடமிருந்தே நடக்கக் கற்றுக்கொண்டது.

இதன் பின்கதை அவ்வளவு இனிமையானதன்று. பொருளாதார மந்தம் சூழ்ந்த 1930-களில் ஹெண்டர்ஸனின் கோஷ்டி நொடித்தது. அவர் தம் இசைக்கோப்புகளைப் பென்னி குட்மன் என்ற வெள்ளையரின் கோஷ்டிக்கு விற்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்றான 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' 1935-இல் குட்மன் கோஷ்டியால் பதிவாகி நாடெங்கும் பரவியது. அதில் தனி டிரம்பெட் வாசித்தவர் பன்னி பெரிகன். இரண்டாண்டுகள் கழித்து, சொந்தக் கோஷ்டியுடன் பெரிகன் பதிவு செய்த 'ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்' இன்றும் ரசிகர் நெஞ்சில் நிற்கிறது. கோஷ்டி சுரக்கூட்டுகளை நீட்டிப் பிடித்து நிற்க, தாளத்துக்குக் கட்டுப்படாத ஆலாபனை போன்ற ஒரு நீண்ட முன்னுரையுடன் அது தொடங்குகிறது. பின்னர் அவரே பாடுகிறார். பிறகு மீண்டும் டிரம்பெட், மிக உயர்ந்த ஸ்வரங்களை நோக்கி ஏறுகிறது. 1942-இல், 33-ஆம் வயதில், குடிப்பழக்கத்தால் உடல் நலிந்து அவர் மறைந்தார்.

குட்மனுடைய புகழுக்கு ஹெண்டர்ஸனின் தாள்கள் பெரிதும் காரணமாயின. குட்மன் அதை மறைக்கவில்லை. ஹெண்டர்ஸனை மனமாரப் பாராட்டியும் வந்தார். எனினும், நிறவேற்றுமை நிலவிய அந்நாட்டில், அதே இசையைக் கொண்டு வெள்ளையர் கோஷ்டி பெற்ற மேடைகளும் வானொலி நேரமும் ஊதியமும் அதை எழுதியவருடைய கோஷ்டிக்குக் கிட்டவில்லை.

தாளே இல்லாமலும் இக்கலை வளர்ந்த இடம் ஒன்று உண்டு. கான்ஸஸ் நகரத்திலிருந்து வந்த கவுண்ட் பேஸியின் கோஷ்டியில் பல உருப்படிகள் எழுதப்படாமலே உருவாயின. ஒத்திகையில் ஒருவர் ஒரு ரிஃபை ஊதுவார். பக்கத்திலிருப்பவர் அதற்கு இசைவான ஸ்வரத்தைச் சேர்ப்பார். நாளடைவில் அது எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். 1937-இல் வெளிவந்த 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' அவ்விதம் பிறந்ததே. அதில் பக் கிளேட்டனுடைய டிரம்பெட் சுருக்கமாகவும் அடக்கமாகவும் பேசுகிறது. மறு ஆண்டு அந்தக் கோஷ்டியில் சேர்ந்த ஹாரி எடிசனோ, ஒரே ஸ்வரத்தைப் பல விதமாக வளைத்துச் சொல்லியே சபையைச் சிரிக்க வைக்கக்கூடியவர். இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து வாசித்தவர்கள். ஒருவர் குரல் மற்றவருடையதோடு மயங்குவதில்லை.

எனினும், குறிப்பிட்ட ஒரு மனிதனுக்காகவே எழுதுவது என்னும் வழக்கத்தை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர் டியூக் எலிங்டன். மற்றவர்கள் 'இரண்டாவது டிரம்பெட்' என்று தாளின் தலைப்பில் எழுதுவார்கள்; எலிங்டன் அங்கே வாசிப்பவரின் பெயரையே எழுதுவது வழக்கம். இன்னாருடைய உதடு எந்த ஸ்வரத்தில் இனிக்கும், எதில் கரகரக்கும் என்று அறிந்து, அதற்கேற்ப அவர் எழுதினார்.

அவருடைய கோஷ்டியில் 1929-இல் பப்பர் மைலி என்ற டிரம்பெட் வித்துவானின் இடத்துக்குக் கூட்டி வில்லியம்ஸ் வந்தார். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்துக்காரர்; அப்போது இருபது வயதும் நிரம்பாத இளைஞர். மைலிக்கு ஒரு விசேஷ வித்தை கைவந்திருந்தது. சாக்கடை அடைப்பு நீக்குவதற்குக் குழாய்த் தொழிலாளர் பயன்படுத்தும் ரப்பர்க் கிண்ணத்தை, கைப்பிடியைக் கழற்றிவிட்டு, இடக்கையில் பிடித்து டிரம்பெட்டின் வாயை மூடியும் திறந்தும் வாசிப்பார். தொண்டையிலிருந்து ஓர் உறுமலையும் கூட்டுவார். குழல் மனிதனைப்போல் முனகும், சிரிக்கும், கேள்வி கேட்கும். அந்த வித்தையைக் கற்று ஆள்வது கூட்டியின் கடமையாயிற்று. மெல்ல மெல்ல அது அவருடைய சொந்த மொழியே ஆகிவிட்டது.

1940 மார்ச்சு 15-ஆம் நாள் சிக்காகோவில் 'கன்சர்ட்டோ ஃபார் கூட்டி' என்ற உருப்படி பதிவாயிற்று. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசைதான். ஆனால் அதில் ஒரு மனிதனின் பல குரல்கள் அடங்கியிருக்கின்றன. சிறிய முன்னுரைக்குப் பின் கூட்டி ஓர் எளிய பல்லவியை எடுக்கிறார். குழலின் வாய் மூடப்பட்டிருக்கிறது. குரல் நெருங்கி நின்று இரகசியம் பேசுவது போன்றது. நடனப் பாடல்களில் அடிக்கு எட்டு ஆவர்த்தம் என்பது மரபு. இங்கே அடி பத்து ஆவர்த்தமாக நீளுகிறது. கூடுதலான இடத்தில் கோஷ்டி அவருக்கு மறுமொழி சொல்லுகிறது. அதே பல்லவி திரும்ப வரும்போது நாதத்தின் நிறம் மாறுகிறது. இடையில் உறுமல் தலைகாட்டுகிறது. பிறகு சுருதி மாறுகிறது. குழலின் வாய் முழுவதும் திறக்கிறது. இதுவரை வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் முற்றத்துக்கு வந்து உரத்துப் பாடுவதுபோல, அகன்ற, ஒளி பொருந்திய நாதம் எழுகிறது. கடைசியில் மீண்டும் முதல் பல்லவி, மீண்டும் மூடிய குரல், அத்துடன் அமைதி.

பிரெஞ்சு நாட்டு இசை ஆராய்ச்சியாளர் ஆந்திரே ஓடேர் 1950-களில் இந்த உருப்படியைப் பற்றி ஒரு முழு ஆராய்ச்சியே எழுதி, ஜாஸ் இசையின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று இது என்று காட்டினார். அவர் சுட்டிய ஓர் உண்மை நம் கவனத்துக்குரியது. இதில் கற்பனை வாசிப்பு என்பது ஏறக்குறைய இல்லை. பெரும்பாலும் முன்னமே தீர்மானித்த ஸ்வரங்கள். அப்படியானால் தனி வாசிப்பாளனுக்கு என்ன சுதந்திரம் என்று கேட்கத் தோன்றும். ஸ்வரம் எழுத்தில் இருந்தது. அதை எந்தக் குரலில் சொல்லுவது என்பது கூட்டியிடமே இருந்தது. ஒரு பதத்தின் சாகித்தியம் எல்லோருக்கும் பொதுவானாலும், அதை ஒருவர் பாடும்போதே கண் கலங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

அதே ஆண்டு நவம்பரில் கூட்டி, எலிங்டனை விட்டு விலகிப் பென்னி குட்மனிடம் சேர்ந்தார். நல்ல ஊதியத்துக்கு ஒப்பந்தம் அமையும்படி எலிங்டனே அவருக்கு உதவினார். ஆனால் ரசிகர்களுக்கு அது பேரிடியாக இருந்தது. 'டியூக்கை விட்டுக் கூட்டி பிரிந்தபோது' என்னும் பொருள்படும் பெயருடன் ரேமண்ட் ஸ்காட் என்ற இசையமைப்பாளர் ஓர் உருப்படியே இயற்றினார். 'கன்சர்ட்டோ'வின் பல்லவிக்குப் பின்னர் பாப் ரஸல் சொற்கள் எழுத, அது 'டூ நத்திங் டில் யூ ஹியர் ஃப்ரம் மீ' என்ற பிரபலமான பாட்டாயிற்று. பாடகர்களுக்கு அது பயன்பட்டது. டிரம்பெட்டுக்கென்று எழுதிய அந்தத் தாள் மட்டும் தனக்குரியவன் இல்லாமல் இருந்தது.

காலியான ஆசனத்தில் ரே நான்ஸ் வந்து அமர்ந்தார். சில மாதங்களுக்குள், 1941 பிப்ரவரி 15-இல் பதிவான 'டேக் தி ஏ டிரெயின்' உருப்படியில் அவர் வாசித்த தனி வாசிப்பு அவ்வளவு கச்சிதமாக அமைந்தது. பின்னால் வந்தவர்களும் ஏறக்குறைய அதையே பாடமாகக் கொண்டார்கள். பிரிந்து சென்ற கூட்டியோ, குட்மனிடம் ஓராண்டு இருந்துவிட்டுத் தாமே ஒரு கோஷ்டியைத் தொடங்கினார். தெலோனியஸ் மங்க் என்ற இளைஞரின் 'ரவுண்டு மிட்நைட்' 1944-இல் முதன் முதலாக இசைத்தட்டில் ஏறியது கூட்டியின் கோஷ்டியாலேதான். ஆனால் யுத்தத்துக்குப் பின் பெரிய கோஷ்டிகளின் காலம் சரிந்தது. பதினைந்து பேருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கூட்டியின் கோஷ்டியும் சிறுத்தது.

22 ஆண்டுகள் கழித்து, 1962-இல், கூட்டி வில்லியம்ஸ் எலிங்டனிடம் திரும்பி வந்தார். 'கன்சர்ட்டோ' மீண்டும் ஒலித்தது. இளமையின் சுறுசுறுப்பு சற்றுக் குறைந்திருந்தாலும், நாதம் முன்னினும் பருத்து, கனத்து வந்தது. எலிங்டன் 1974-இல் மறையும்வரை கூட்டி அவருடனேயே இருந்தார்.

தாளில் இடம் தந்தவர்கள் வாயிலிலும் இடம் தந்தார்களா? ராய் எல்ட்ரிட்ஜின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்குப் பின் வந்த தலைமுறையில் அவரைப்போல் துணிந்து வாசித்தவர் இல்லை. 1941-இல் ஜீன் குருபா என்னும் வெள்ளையரின் கோஷ்டியில் அவர் சேர்ந்தார். அங்கே பதிவான 'ராக்கிங் சேர்' முழுவதும் அவருடைய டிரம்பெட்டுக்காகவே அமைந்தது. அனிதா ஓ'டே என்ற வெள்ளைப் பாடகியும் அவரும் பேசிச் சிரித்துப் பாடும் 'லெட் மீ ஆஃப் அப்டவுன்' அக்காலத்தில் துணிச்சலான செயலாகக் கருதப்பட்டது. 1944-இல் ஆர்ட்டி ஷா கோஷ்டிக்குச் சென்றார். சுற்றுப் பயணத்தில் மற்றவர்கள் தங்கிய ஹோட்டலில் அவருக்கு அறை கிடைக்காது. ஒரு நடன மண்டபத்தின் முகப்பில் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்; அந்தப் பெயருக்குரியவரையே காவலர் உள்ளே விட மறுத்தார்கள். முடிவில் உள்ளே சென்று, வந்த கண்ணீரை அடக்கிக்கொண்டு அன்று வாசித்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அவருக்காக எழுதிய ஆவர்த்தங்கள் உள்ளே மேடையில் காத்திருந்தன. வெளியே கதவு சாத்தியிருந்தது. இனி வெள்ளையர் கோஷ்டியில் பயணம் செய்வதில்லை என்று அவர் மனம் கசந்து உறுதி செய்துகொண்டதில் வியப்பில்லை.

பெரிய கோஷ்டிகள் குறைந்த பின்னும் இக்கலை அழியவில்லை. 1956-இல் டிஸ்ஸி கில்லெஸ்பி, அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் ஒரு பெரிய கோஷ்டியுடன் மேற்காசியாவுக்கும் கராச்சி, டாக்கா நகரங்களுக்கும் வந்தார். 1957-இல் மைல்ஸ் டேவிஸ் ஒருவரே தனி வாசிப்பாளராக விளங்கும்படி, கில் எவன்ஸ் 'மைல்ஸ் அஹெட்' என்னும் நீண்ட இசைத்தட்டை அமைத்தார். அதில் கோஷ்டி முழங்குவதில்லை. மெல்லிய மேகம்போல் சூழ்ந்து நிற்கிறது. டிரம்பெட்டின் மென்மையான உடன்பிறப்பாகிய ஃப்ளூகல்ஹார்ன் அந்த மேகத்தினூடே தனியே நடந்து செல்கிறது.

இவையெல்லாம் எங்கோ தூரதேசத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். 1935-இல் லியான் ஆபி என்பவரின் கறுப்பினக் கோஷ்டி பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்து வாசித்தது. அவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தோரையும் கேட்டு வளர்ந்தவர்களுள் கோவாக்காரர்கள் பலர். மாதா கோயில் பள்ளிகளில் மேனாட்டு ஸ்வரலிபி கற்றவர்கள்; பிழைப்புக்காகப் பம்பாய் வந்து, தத்தம் ஊர்ப் பெயரால் அமைந்த பொது விடுதிகளில் தங்கியவர்கள். அவர்களுள் ஆந்தோனியோ சேவியர் வாஸ் என்பவர் 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் டிரம்பெட் வாசித்து, 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று பெயரெடுத்தார். சி. ராமச்சந்திராவின் படங்களுக்கு உதவியாக இருந்தார். 1951-இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் தம் கோஷ்டியுடன் திரையிலும் தோன்றுகிறார். 1967-இல் காலமானார். அக்காலத்து இந்திப் படப் பாட்டுகளில் பாடகரின் அடிகளுக்கிடையே சட்டென்று எழுந்து பதில் சொல்லும் டிரம்பெட்டுகள் பலவும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. அந்த மெட்டுகளையே இன்றும் கல்யாண ஊர்வலத்துப் பாண்டு கோஷ்டிகள் நம் ஜன்னலுக்குக் கீழே வாசித்துச் செல்லுகின்றன.

1963-இல் எலிங்டனுடைய கோஷ்டியே இந்தியாவுக்கு வந்தது. தில்லி, ஐதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களுக்குச் சென்றது. முந்திய ஆண்டுதான் திரும்பி வந்திருந்த கூட்டி வில்லியம்ஸும் அந்த வரிசையில் அமர்ந்திருந்தார். ஒரு காலத்தில் எந்தத் தாள் தன் உரியவனுக்காகக் காத்திருந்ததோ, அந்தத் தாளுக்குரியவர் நம் நகரத்து மேடைகளில் எழுந்து நின்றார். அந்தப் பயணத்தின் நினைவுகளைக் கொண்டு எலிங்டனும் அவருடைய துணைவர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் அமைத்த 'ஃபார் ஈஸ்ட் ஸூட்' 1966-இல் பதிவாயிற்று. அதில் தில்லியில் கேட்ட ஒரு மைனாவுக்கும் ஆக்ராவுக்கும் தனித்தனி உருப்படிகள் உண்டு. பின்னர் 1960-களின் இறுதியில், உச்ச ஸ்தாயி வாசிப்பில் ஒப்பற்றவரான கனடா நாட்டு மேனார்டு ஃபெர்கூஸன், மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலிப் பள்ளியில் தங்கி மாணவர்களுக்கு இசை கற்பித்தார்.

பழகாத செவிக்கு இவ்விசையைக் கேட்கும் வழி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 'கன்சர்ட்டோ ஃபார் கூட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கேட்கும்போது பாஸ் பிடிலையும் டிரம்ஸையும் மட்டும் பின்பற்றி, நான்கு நான்காகத் தட்டை எண்ணுங்கள். இரண்டாம் முறை டிரம்பெட்டை மறந்து, அதற்குப் பின்னால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் எங்கே ஒலிக்கிறார்கள், எங்கே ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது விளங்கும். மூன்றாம் முறை கூட்டியோடு மட்டும் செல்லுங்கள். அந்தக் குரல் அத்தனை தெளிவாக நம்மை வந்து அடைவதற்கு மற்ற பதினான்கு பேரும் எத்தனை அளவறிந்து வாசித்தார்கள் என்பதும், அப்படி அவர்கள் வாசித்ததற்கு அந்தக் குரல் எத்தனை தகுதியுடையது என்பதும் அப்போது புலப்படும்.

அதன்பின் ஒரு நாள் இரவு, கல்யாண ஊர்வலம் உங்கள் தெருவில் வரும்போது ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்துப் பாருங்கள். வரிசையில் யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒரு டிரம்பெட்காரர், வெகு தூரத்து ஊரிலிருந்து பிழைக்க வந்தவர், தம் முறைக்காகக் காத்திருப்பார். அவருக்கும் சில ஆவர்த்தங்கள் உண்டு.